ஜீப்புக்கு வந்த கை நடுக்கம்

பத்து பன்னிரண்டு நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. காப்பி எடுப்பு ஒரு பக்கம், ஜீப் இன்னொரு பக்கம்னு ஆளை ரெண்டா கிழிச்சிருச்சு. மிளகுக் கொடி பத்தி எழுதுறதா சொல்லியிருந்தேன், அது அடுத்த தடவை. இப்ப ஜீப் கதையை எழுதிடறேன். ஸ்டீரிங் ஆடுற வண்டியை வச்சிக்கிட்டு மலையில ஓட்டுற வேற யாருக்காவது உதவும்.

எங்க தோட்டம் கீழ்ப்பழனி மலையில இருக்குன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். பட்டிவீரன்பட்டியில இருந்து தாண்டிக்குடி போற ரோட்டுல ஏறி, பாதியில பிரிஞ்சு, மூணு கிலோமீட்டர் மண் பாதை. நடுவுல ஒரு ஓடை. மழைக்காலத்துல முழங்கால் அளவு தண்ணி ஓடும். காப்பிப் பழம், வாழைத்தார், சௌசௌ மூட்டை, எரு, ஆளுங்க எல்லாம் அந்த வழியாத்தான் ஏறி இறங்கணும். அப்பா காலத்துல வாங்கின ஜீப். முன்னாடி பின்னாடி ரெண்டும் முழு ஆக்ஸில், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங், டிரம் பிரேக். முப்பது வருஷத்துல அது எங்களை நடுவழியில விட்டது விரல் விட்டு எண்ணுற தடவைதான்.

போன ஆடியில மகன் அதுக்கு அலங்காரம் பண்ணினான். பழைய 6.00-16 டயர் ஒல்லியா இருக்கு, சேத்துல வழுக்குதுன்னு சொல்லி, 31 இன்ச் உயரம், பத்தரை இன்ச் அகலத்துல மட் டயர். அதுக்காக 15 இன்ச் ரிம், அதுவும் வெளிப்பக்கம் தள்ளி நிக்கிற ரிம். டயர் மட்கார்டுல உரசக்கூடாதுன்னு நாலு பக்கமும் ரெண்டு இன்ச் நீளமான சாக்கிள். வண்டி பார்க்க சிங்கம் மாதிரிதான் இருந்துச்சு, மறைக்க வேணாம். காசு குடுத்தது நான்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த அமைப்பை இப்படி இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு அப்ப எனக்குத் தெரியும். தோட்டத்துக்குள்ள ஓடுற வண்டிதானேன்னு நானே எனக்கு சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

புரட்டாசியில லேசா ஸ்டீரிங் ஆட ஆரம்பிச்சுது. மகன் டவுனுக்குப் போய் ஸ்டீரிங் டேம்பர்னு ஒண்ணு போட்டுட்டு வந்தான். ஷாக் அப்சார்பரைப் படுக்க வச்ச மாதிரி இருக்கும். ஆட்டம் நின்னு போச்சு. ரெண்டு பேரும் மறந்துட்டோம்.

தை பொறந்து ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் பழம் எடுத்த ஏழு பொம்பளை ஆளுங்க, எட்டு மூட்டைப் பழத்தோட இறங்கிக்கிட்டு இருந்தேன். மண் பாதை முடிஞ்சு தார் ரோட்டுல ஏறினதும், ஒரு வளைவுக்கு முன்னாடி ரோடு அரிச்சு ஒரு குழி. இடது முன் சக்கரம் அதுல இறங்கி ஏறுச்சு. வேகம் நாப்பதுக்குள்ளதான். அடுத்த நொடி ஸ்டீரிங் என் கையில இல்ல. பேய் பிடிச்ச மாதிரி இடமும் வலமும் அடிக்குது. முன்பக்கம் மொத்தமும் தடதடன்னு ஆடுது. பின்னாடி எல்லாரும் கத்துறாங்க. குழியைத் தாண்டி வந்தப்புறமும் ஆட்டம் நிக்கல, கூடிக்கிட்டே போகுது. பள்ளத்துப் பக்கம் போகாம எப்படியோ மலைப் பக்கத்து மண் திட்டுல ஒரசி நிறுத்தினேன். வண்டி கிட்டத்தட்ட நின்னப்புறம்தான் ஸ்டீரிங் நடுக்கம் அடங்குச்சு. என் கை நடுக்கம் அடங்க அரை மணி நேரம் ஆச்சு.

ஸ்டீரிங்கைப் பிடிக்கும்போது கட்டை விரலை உள்ள மடக்காதே, வெளிய வைன்னு அப்பா சின்ன வயசுலயே தலையில குட்டிக் குட்டிச் சொல்லிக் குடுத்தார். அன்னைக்கு என் விரல் முறியாம இருக்கிறது அதனாலதான். யாருக்கும் அடி இல்ல. ஆனா அப்பா காலத்துல இருந்து எங்க தோட்டத்துக்கு வர்ற மூத்த அக்கா ஒருத்தங்க, இறங்கி சேலையை உதறிக்கிட்டு, "தம்பி, நான் நடந்தே போயிக்கிறேன். இந்த வண்டி இனிமே எனக்கு வேணாம்ப்பா"ன்னாங்க. கோவமா சொல்லல. அதான் இன்னும் உறைச்சுது. மறுநாளும் வேலைக்கு வந்தாங்க, நடந்து. காலையில அஞ்சரைக்குக் கிளம்பி.

சரி, வண்டியைச் சரி பண்ணணும். ஆளாளுக்கு ஒரு வைத்தியம். டீக்கடையில ஒருத்தர் பேலன்சிங்ன்னார், இன்னொருத்தர் அலைன்மென்ட்ன்னார், மகன் டேம்பர் மட்டம், நல்லதா வாங்கலாம்ன்னான். நான் டயர்தான் காரணம்னு முதல்லயே தீர்ப்பு எழுதிட்டேன்.

வண்டியை மெதுவா உருட்டி வத்தலக்குண்டு கொண்டு போனோம். முதல் கடையில சக்கரத்தைச் சுத்தவிட்டு, ஈயக்கட்டை வச்சு பேலன்ஸ் பண்ணினாங்க. கூடவே ஸ்டீரிங் பாக்ஸ் மேல இருக்கிற திருகை முறுக்கி "டைட்" பண்ணிட்டாங்க. அது பெரிய தப்புன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. வேற எங்கயோ இருக்கிற ஆட்டத்தை மறைக்க அந்தத் திருகை முறுக்கினா, திருப்பின ஸ்டீரிங் தானா நேருக்கு வராது, நடுவுல பிடிக்கும். அந்தத் திருகு கடைசியா தொட வேண்டிய இடம்.

ஆனா பேலன்சிங் வீண் இல்ல. அதுக்கு முன்னாடி அறுபதுல போனா ஸ்டீரிங்ல ஒரு சன்னமான அதிர்வு, மாவு மில்லு சுவத்துல கை வச்ச மாதிரி இருக்கும். அது போயிருச்சு. குழியில விழுந்தா வர்ற பேயாட்டம் மட்டும் அப்படியே இருந்துச்சு. அப்பத்தான் எனக்கு மண்டையில உறைச்சுது, நாம "ஸ்டீரிங் ஆடுது"ன்னு ஒரே பேர் வச்சிருக்கோம், உள்ள இருக்கிற நோய் வேற வேற. ஒரு குறிப்பிட்ட வேகத்துல வந்து அதைத் தாண்டினா குறையிற சன்ன அதிர்வுக்கு டயர், ரிம், பேலன்ஸ் பாக்கணும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தா டிரம் வட்டம் தப்பியிருக்கும். முன் கியர் போட்டு நாலு சக்கரமும் இழுக்கும்போது மட்டும் வந்தா முன் ஷாஃப்ட்டோட சிலுவை. ஒரு குழியோ மேடோ தட்டிவிட்டு, வண்டி நிக்கிற வரைக்கும் அடங்காம அடிச்சா, அது முன் ஆக்ஸில்ல எங்கயோ தேய்மானம் இருக்குன்னு அர்த்தம். மாட்டுக்குக் காய்ச்சல்னு மட்டும் சொன்னா வைத்தியர் என்ன பண்ணுவார், தீனி எடுக்குதா, அசை போடுதான்னு கேப்பார்ல, அது மாதிரி.

வீட்டுக்கு வந்து பழைய டயர் நாலையும் களத்து ஓரத்துல இருந்து எடுத்தோம். ஒண்ணுக்குள்ள கோழி அடை உக்காந்திருந்துச்சு, அதை இடம் மாத்தவே ஒரு மணி நேரம். பழைய ரிம்மோட மாட்டி ஓட்டினேன். குழியில விட்டேன். லேசா ஒரு சிலுப்பு, அவ்வளவுதான். "பாத்தியாடா, உன் டயர்தான்"ன்னு நான் கொக்கரிச்சேன். அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. உள்ள போய் கொஞ்ச நேரம் கழிச்சு வந்து, "அப்பா, டேம்பர் இன்னும் மாட்டித்தான இருக்கு? அதைக் கழட்டிட்டு ஓட்டுங்க பாப்போம்"ன்னான்.

நியாயமான கேள்வி. அடிவாரத்துல ஆள் நடமாட்டம் இல்லாத சமதள ரோட்டுக்குப் போய், நான் மட்டும் ஏறி, டேம்பரைக் கழட்டி வச்சிட்டு ஓட்டினேன். முப்பத்தஞ்சுல ஒரு சின்ன மேடு தட்டுச்சு. திரும்ப அதே ஆட்டம். பழைய ஒல்லி டயர்லயே. ஒண்ணு சொல்லிக்கிறேன், ஆட்டம் வந்தா பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க, ஸ்டீரிங்கோட மல்லுக்கட்டாதீங்க. உறுதியாப் பிடிச்சு, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்து, மெதுவா வேகத்தைக் கொறைங்க. இந்த மாதிரி சோதனையை ஆள் ஏத்திக்கிட்டோ மலை ரோட்டுலயோ செய்யவே கூடாது.

ஆக நோய் வண்டிக்குள்ளயே இருந்திருக்கு. டயர் அதைப் பெருசாக்கிக் காட்டியிருக்கு. டேம்பர் நாலு மாசமா மூடி வச்சிருக்கு. காய்ச்சல் மாத்திரை போட்டுக்கிட்டே வயல்ல வேலை செஞ்ச கதை.

மறுநாள் பாய் மலை ஏறி வந்தார். எங்க அப்பாவுக்கே வண்டி பாத்தவர். வந்தவர் ஸ்பேனரையே எடுக்கல. "தம்பி, நீ உள்ள உக்காந்து ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சமா ஆட்டு. இஞ்சின் வேணாம். சக்கரம் தரையிலயே இருக்கட்டும்"னு மகன்கிட்ட சொல்லிட்டு, சாக்கு விரிச்சு அடியில படுத்துட்டார். என்னையும் கூப்பிட்டார். "கண்ணை நம்பாதண்ணே, கையை வை."

ஒவ்வொரு மூட்டுலயும் கையைச் சுத்திப் பிடிச்சுப் பாத்தோம். எங்க ஜீப்புல ஸ்டீரிங் பாக்ஸ்ல இருந்து ஒரு ராடு வந்து, முன் குறுக்குச் சட்டத்துல இருக்கிற பெல் கிராங்கைத் தள்ளும். அதுல இருந்து ரெண்டு டை ராடு, ஒண்ணு இந்தச் சக்கரத்துக்கு, ஒண்ணு அந்தச் சக்கரத்துக்கு. ஒரு மூட்டுல ஒரு பக்கம் அசைஞ்சு மறுபக்கம் அசையத் தாமதமானா, அந்த இடைவெளி கைக்குத் தெரியும். டை ராடு எண்டு நாலும் பரவாயில்ல. பெல் கிராங்க்ல கை வச்சதும் உள்ளங்கையில "கட்டக், கட்டக்"னு தட்டுச்சு. பின்னு தேஞ்சு, உள்ள இருந்த ஊசி பேரிங் பொடியாப் போயிருந்துச்சு.

நான் எந்திரிச்சு, "அப்ப இதான் காரணமா?"ன்னேன். "இதுவும்"ன்னார் பாய்.

அப்புறம் ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, மேலயும் கீழயும் கை வச்சு உள்ள வெளியன்னு ஆட்டினார். ஆட்டம் இருந்துச்சு. வீல் பேரிங்காவும் இருக்கலாம், சக்கரம் திரும்புற கிங் பின்னாவும் இருக்கலாம். எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதைத்தான் நான் அன்னைக்குப் புதுசாக் கத்துக்கிட்டேன். மகனை பிரேக்கை மிதிச்சுப் பிடிச்சுக்கச் சொன்னார். பிரேக் பிடிச்சா டிரம்மும் பின் தட்டும் ஒண்ணாயிரும், வீல் பேரிங் ஆட்டம் மறைஞ்சிரும். அப்பவும் ஆடினா கிங் பின். வலது பக்கம் பிரேக் மிதிச்சதும் நின்னுபோச்சு, அது வெறும் வீல் பேரிங், நட்டை ஒழுங்கா இறுக்கினாப் போதும். இடது பக்கம் பிரேக் மிதிச்சும் ஆடிக்கிட்டே இருந்துச்சு.

இடது பக்கத்தைப் பிரிச்சாங்க. சீல் கிழிஞ்சு ஓடைத் தண்ணி உள்ள போயிருக்கு. கிரீஸ் பால் காப்பி நிறத்துல வழியுது. கீழ் பேரிங்கோட கிண்ணத்துல ரோலர் ரோலரா வரிசையாக் குழி விழுந்திருந்துச்சு. நேரா போற நிலையிலயே அது அதிகமா நிக்கிறதால, அதே இடத்துல அடி வாங்கி வாங்கி விழுந்த குழி. பாய் அதைத் துணியில துடைச்சு என் கையில குடுத்தார். ஒண்ணும் சொல்லல.

சொல்லத் தேவையில்ல. அப்பா இருந்த வரைக்கும் அமாவாசைக்கு அமாவாசை கிரீஸ் கன்னை எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில போவார். நக்கிள் கூட்டோட பிளக்கைக் கழட்டி உள்ள தண்ணி இருக்கான்னு விரல் விட்டுப் பாப்பார். மழைக்காலம் முடிஞ்சா சீல் பாப்பார். அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. இந்த ஆறு வருஷத்துல நான் அந்த பிளக்கை எத்தனை தடவை கழட்டினேன்னு கேட்டா, ஒரு தடவைன்னு சொல்லலாம், அதுவும் உறுதியாத் தெரியாது. நாலு நாளா டயர் டயர்னு பையனைக் கரிச்சுக் கொட்டினவன், அந்தக் கிண்ணத்தைக் கையில வச்சிக்கிட்டு நின்னேன். அவனும் பாத்துக்கிட்டுத்தான் நின்னான். வாயைத் திறக்கல. நானா இருந்தா சும்மா விட்டிருக்க மாட்டேன்.

பேரிங், சீல் ரெண்டு பக்கமும் புதுசு போட்டோம். மூடிக்கு அடியில தகடு தகடா மெல்லிசா ஷிம் இருக்கும். அதை ஒண்ணொண்ணா எடுத்தா பேரிங் மேல அழுத்தம் கூடும். எவ்வளவு எடுக்கிறதுன்னு தெரிய, டை ராடைக் கழட்டிட்டு, காப்பி எடை போடுற எங்க ஸ்பிரிங் தராசைக் கேட்டு வாங்கி, அதோட கொக்கியை நக்கிள் கைல மாட்டி இழுத்துப் பாத்தார். லொடலொடன்னு வரவும் கூடாது, இறுகிப் போகவும் கூடாது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். இடது பக்கம் மூணு தடவை மூடியைக் கழட்டி மாட்டினார். பெல் கிராங்குக்கு லேத்துல பின்னும் புஷ்ஷும் கடைஞ்சு வாங்கினோம். யூ போல்ட், சாக்கிள் புஷ், ஸ்டீரிங் பாக்ஸை சேசிஸோட பிடிச்சிருக்கிற போல்ட் எல்லாம் பாத்தாச்சு. அங்க எங்கயும் விரிசல் இல்ல. டவுன்ல முறுக்கின திருகைப் பழையபடி தளர்த்திட்டார்.

இதோட முடிஞ்சுதுன்னு நான் நினைச்சேன். பாய் மகனோட போனை வாங்கி, அதுல கோணம் காட்டுற ரசமட்டத்தை வச்சு, கிங் பின் மூடி மேல வச்சார். "சாய்வு எங்க போச்சு?"ன்னார்.

சைக்கிள் முன் ஃபோர்க்கைப் பாருங்க, நேரா நிக்காது, மேல்பக்கம் நம்மளைப் பாத்து சாஞ்சிருக்கும். அந்தச் சாய்வு இருக்கிறதாலதான் கையை விட்டாலும் சைக்கிள் நேரா போகுது. ஜீப்லயும் கிங் பின் அப்படித்தான் பின்னாடி சாஞ்சிருக்கணும். காஸ்டர்ன்னு சொல்லுவாங்க. இந்த ரக ஜீப்புக்கு 3 டிகிரி. எங்க வண்டியில அரை டிகிரி கூடக் காட்டல. காரணம் நீளமான சாக்கிள். எங்க வண்டியில முன் ஸ்பிரிங்குக்கு சாக்கிள் முன் நுனியில இருக்கு. அதை நீளமாக்கினா ஸ்பிரிங்கோட முன் நுனி கீழ இறங்கும், அதோட ஆக்ஸிலும் முன்னாடி உருண்டுக்கும், இருந்த சாய்வு போயிரும். மகன் காதைத் தீட்டிக்கிட்டு கேட்டான்.

டயர் விஷயமும் அப்பத்தான் புரிஞ்சுது. ரிம் வெளிய தள்ளினா, சக்கரம் திரும்புற அச்சுக்கும் டயர் தரையைத் தொடுற இடத்துக்கும் தூரம் கூடுது. கதவைக் கீல் பக்கம் தள்ளினா நகராது, ஓரத்துல தள்ளினா சுண்டு விரலுக்கே திறக்கும்ல, அது மாதிரி ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் நம்ம ஸ்டீரிங்கை ஆட்டுற பலம் வந்துருது. கனமான டயர் வேற. தேஞ்ச கிங் பின், சாய்வு இல்லாத ஆக்ஸில், வெளிய தள்ளின சக்கரம், மூணும் ஒண்ணு சேந்துதான் அந்த வளைவுல எங்களை ஆட்டியிருக்கு.

ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல ஆப்பு மாதிரி இரும்புத் துண்டு வச்சு சாய்வைத் திரும்பக் கொண்டு வரலாம், பல பேர் செய்றாங்க. அப்படிச் செஞ்சா ஆக்ஸிலோட மூக்கு கீழ இறங்கி முன் ஷாஃப்ட் சிலுவைக்குக் கோணம் கூடும், நாலு சக்கரமும் இழுக்கும்போது அங்க புதுசா ஒரு அதிர்வு கிளம்பலாம்ன்னார் பாய். நான் ஒண்ணும் சொல்லாம மகனைப் பாத்தேன். "பழைய சாக்கிளையே போட்டுருங்க பாய்"ன்னான் அவனே. அகல டயர் நாலும் இப்ப களத்துல இருக்கு, விக்கப் போறான். கோழிக்கு இடப் பிரச்சினை தீந்துச்சு.

சாய்வு ரெண்டரைக்கு மேல வந்துச்சு, ஸ்பிரிங் வயசுக்கு அது போதும்ன்னார். நூல் கட்டி, டேப் பிடிச்சு, ரெண்டு டயருக்கும் முன்பக்க தூரம் பின்பக்கத்தை விட ரெண்டு மில்லிமீட்டர் கம்மியா வச்சார். மொத்தம் ரெண்டு நாள் வேலை, பொருளும் கூலியும் சேத்து 11,400 ரூபாய். டயருக்கும் ரிம்முக்கும் ஆன காசை இங்க எழுத மனசு வரல.

டேம்பரை மாட்டல. அது கெட்ட சாமான் இல்ல, ஆனா இப்போதைக்கு வேணாம், ஏதாவது தேஞ்சா எனக்கு உடனே தெரியணும். எரு மூட்டை பத்து ஏத்திக்கிட்டு, தனியா, அதே வளைவுக்கு முன்னாடி அதே குழியில வேணும்னே நாலு தடவை விட்டேன். ஸ்டீரிங்ல ஒரு தட்டு தட்டிட்டு அடங்கிருச்சு. மகன் திட்டு மேல நின்னு வீடியோ எடுத்தான். ஒவ்வொரு அமாவாசைக்கும் போன்ல அலாரமும் வச்சிருக்கான், எனக்கு.

அந்த அக்காகிட்ட நானே போய்ச் சொன்னேன். என்ன என்ன தேஞ்சிருந்துச்சு, என்ன மாத்தினோம்னு எல்லாத்தையும். கிரீஸ் விஷயத்தையும் சொன்னேன். குழி விழுந்த கிண்ணத்தைக் கையில வாங்கி விரலால தடவிப் பாத்தாங்க. "உங்கப்பா இருந்தா இப்படி விட்டிருக்க மாட்டாரு"ன்னாங்க. ஆமாக்கான்னேன்.

இப்ப நாலு நாளா வண்டியில வர்றாங்க. ஆனா அந்த வளைவு வந்தா தோள்ல தட்டுறாங்க. நிறுத்துறேன். இறங்கி நடந்து, வளைவைத் தாண்டி வந்து ஏறிக்கிறாங்க. மத்த ஆளுங்க சிரிக்கிறாங்க. நான் இஞ்சினை ஓடவிட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன்.